கூரைக்கு யாரிடம் கேட்பது

சென்னையின் வரலாறு என்று எழுதி வைத்திருப்பவற்றை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் அது கட்டடங்களின் வரலாறு. கோட்டை, உயர்நீதிமன்றம், சேப்பாக்கம் அரண்மனை, மயிலாப்பூர் மாடவீதி. இந்தக் கட்டடங்களுக்குக் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் ராத்திரி எங்கே போய்ப் படுத்தார்கள், அவர்கள் தலைக்கு மேல் என்ன இருந்தது என்று கேட்டால் வரலாற்றாசிரியர்கள் கையை விரிப்பார்கள். கீற்றுக்குக் கல்வெட்டு கிடையாது. ஆனால் கீற்றுக்குச் சட்டம் இருந்தது. நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது. சேரி சனங்களின் வீட்டை ஆவணமாகப் பதிந்து வைத்தவர்கள் புலவர்கள் அல்ல, மாநகராட்சிக்காரர்கள்தான். அதுவும் 'கூடாது' என்ற வார்த்தையோடு சேர்த்து.

இதை நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் எங்கள் வீட்டுக் கூரை. தேனாம்பேட்டையில், மவுண்ட் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஆட்டோ நுழையாத ஒரு சந்தில் எங்கள் வீடு. செங்கல் சுவர், மேலே சிமெண்ட் ஷீட். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இரண்டு ஷீட் உடைந்து போனது. அம்மா ஒரே பிடியாக நின்றார். "இந்தத் தடவ ஷீட்டு கீட்டெல்லாம் வேணாம். தளம் போட்டுடலாம். சாவறதுக்குள்ள ஒரு மொட்டமாடியில வடாம் காய வெச்சிப் பாத்துடறேன்." தமிழ் எம்.ஏ. படித்த மகள் இருக்கிறாளே, நான்கு ஆபீஸ் ஏறி இறங்கி அனுமதி வாங்கிவிட மாட்டாளா என்பது அவர் கணக்கு.

எந்த ஆபீஸ் என்று எழுதப் போவதில்லை. எல்லா ஆபீஸிலும் கேள்வி ஒன்றுதான். "பட்டா இருக்காம்மா?"

இல்லை. ஆயாவின் டிரங்குப் பெட்டியில் மற்ற எல்லாம் இருந்தது. குடிசைக் கணக்கெடுப்பின்போது கொடுத்த சீட்டு, தவணை கட்டிய ரசீதுகள், பழைய ரேஷன் கார்டு, ஓட்டர் லிஸ்டிலிருந்து எழுதி வாங்கிய நகல், கரண்ட் பில். ஐம்பது அறுபது வருஷமாக இந்த இடத்தில்தான் இருக்கிறோம் என்பதற்கு அந்தப் பெட்டியில் ஒரு கிலோ காகிதம் இருக்கும். இந்த இடம் எங்களுடையது என்பதற்கு ஒரு வரி கிடையாது.

வரலாற்றுக்கு வருகிறேன்.

ஆயா மதுராந்தகம் பக்கத்து ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு தேனாம்பேட்டைக்கு வந்தவர். அவர் பிறந்த சேரியில் வீட்டை ஒரு முழம் நீட்டிக் கட்டுவதென்றாலும் ஆண்டையிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டுமாம். "வூட்டுக்குள்ள சுவரு நம்முளது, வூட்டுக்குக் கீழ மண்ணு அவுங்குளது" என்பார். கிழவி கதை என்று நினைத்திருந்தேன். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையைப் பற்றிப் படித்தபோது அது அப்படியே ஆயாவின் வாக்குமூலமாக இருந்தது. சேரி நத்தம் மிராசுதார்கள் கையில். கூலி உயர்த்திக் கேட்டால், வேறு ஆண்டையிடம் வேலைக்குப் போனால், வீட்டைக் காலி செய் என்று சொல்லிவிடலாம். அதனால்தான் விவசாய நிலத்தோடு குடியிருக்கும் மனையும் இவர்களுக்குச் சொந்தமாக வேண்டும் என்று அந்த வெள்ளைக்காரன் எழுதினான். 1892இல் அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று இன்றுவரை போராடிக் கொண்டிருப்பதன் வேர் அதுதான். பஞ்சமி நிலம் பற்றி நம் இயக்கங்கள் நிறையப் பேசியிருக்கின்றன. அதே அறிக்கையில் இருந்த மனை விஷயம் பற்றிக் குறைவாகத்தான் பேசியிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கூரைக்கும் சாதிக்கும் உள்ள உறவு செங்கல்பட்டோடு முடிந்துவிடுவதல்ல. தென் திருவிதாங்கூரில் நாடார்கள் மாடி வைத்து வீடு கட்டக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்ற வரிசையில் மாடியும் ஒன்று. மேலே எழும்புவது உடம்பாக இருந்தாலும் வீடாக இருந்தாலும் ஆதிக்க சாதிக்குக் கண் உறுத்தும்.

நகரத்துக்குப் போனால் இதெல்லாம் இருக்காது என்று நம்பித்தான் நம் சனங்கள் வண்டி ஏறினார்கள். நகரத்தில் ஆண்டை இல்லை. கமிஷனர் இருந்தார்.

1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம், 2023இல் புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடப்புக்கு வரும்வரை, இந்த நகரத்தை ஆண்ட சட்டம். அதில் 'குடிசை' என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. மரம், மண், இலை, புல், கீற்று இவற்றால் பெரும்பாலும் ஆன கட்டடம் குடிசை. இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எதனால் கட்டியிருந்தாலும் சரி, சின்னக் கட்டடம் ஒன்றைக் குடிசை என்று மன்றம் அறிவித்தால் அதுவும் குடிசைதான். அதாவது நீ செங்கல் வைத்துக் கட்டினாலும் உன் வீடு வீடா குடிசையா என்பதை வேறொருவர் தீர்மானிப்பார்.

குடிசை போடுவதற்கும், விழுந்ததைத் திரும்பப் போடுவதற்கும் கமிஷனருக்கு மனு கொடுக்க வேண்டும். மனையின் வரைபடத்தை இணைக்க வேண்டும். கீற்று, பாய், புல், துணி போன்ற தீப்பற்றும் பொருள்களால் வெளிக்கூரை போடுவதென்றால் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கீற்று எரியும், ஊரே எரியும், ஆகவே அனுமதி. ஆனால் சட்டம் எழுதியவர்களை ஒன்று கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத, கூலிக்கு மண் சுமக்கிற, புறம்போக்கில் இரண்டு மூங்கில் நட்டு வாழ்கிற ஒருத்தி எந்த மனைக்கு வரைபடம் போட்டுக் கொண்டுவந்து நிற்பாள்? அனுமதி வாங்க முடியாதவள் மீது அனுமதி வாங்கவில்லை என்ற குற்றம் முதல் நாளே விழுந்துவிடுகிறது. அவள் பிறகு என்ன செய்தாலும் அது குற்றத்தின் மேல் குற்றம்.

இந்தச் சட்டத்தில் என்னை உட்கார வைத்துவிட்ட இடம் இன்னொன்று. 'மறுகட்டுமானம்' என்பதற்கான விளக்கம். கட்டடத்தின் கன அளவில் பாதிக்கு மேல் இடிக்கப்பட்டோ, எரிந்தோ, விழுந்தோ போய் அதைத் திரும்ப எழுப்பினால் அது பழுது பார்த்தல் ஆகாது, மறுகட்டுமானம். மறுகட்டுமானம் என்றால் அனுமதி.

இதைப் படித்தபோது எனக்கு ஆயா சொன்ன தீ ஞாபகம் வந்தது.

நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு. சித்திரை மாசத்து மத்தியானம். வரிசையின் கோடியில் யாரோ அடுப்பை அணைக்காமல் தண்ணிக்குப் போய்விட்டார்கள். காற்று இந்தப் பக்கம். கீற்று எரியும்போது ஒரு சத்தம் வருமாம், "பட்டாசு மாதிரி இல்ல, யாரோ துணியக் கிழிக்கிற மாதிரி" என்பார் ஆயா. தி.நகரில் ஒரு வீட்டுக்குத் தளம் போடும் வேலையில் சித்தாளாக நின்றிருந்தவர் புகையைப் பார்த்துச் சாந்துச் சட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். தளம் போடுகிற நாளில் வேலையை விட்டுப் போனால் கூலி கிடையாது. அன்றைக்குக் கூலியும் போயிற்று, கூரையும் போயிற்று.

எங்கள் குடிசையில் முன்பக்கம் முழுக்கப் போய்விட்டது. பின்பக்கச் சுவரும் நான்கு சவுக்குக் கொம்பும் கரியாகி நின்றன. ஆயா அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுக் கொம்பு நடலாம் என்றிருக்கிறார். அவர் மாமனார், என் கொள்ளுத்தாத்தா, தடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாராம். "தொடாத! ஒரு கொம்பு புடுங்கன, கைய ஒடிச்சிடுவேன். வர்றவன்கிட்ட பாதி நிக்குதுன்னு சொல்லு. பாதி நிக்குது, பாதிதான் போச்சி." அன்று ராத்திரியே கரிக்கொம்பின் மேலேயே கீற்றைப் போட்டு மூடினார்கள். வரிசையில் எல்லாரும் அப்படித்தான். விடிந்து அதிகாரிகள் வந்தபோது கூரை இருந்தது. மழையில் அந்தக் கொம்புகள் உளுத்துப் போகும்வரை மாற்றவே இல்லை.

சின்ன வயசில் இந்தக் கதையைக் கேட்கும்போது கொள்ளுத்தாத்தா கஞ்சன் போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறேன். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. 1919 சட்டத்தை அவருக்கு யாரும் படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் பாதிக்கு மேல் போனால் அது நம் வீடு இல்லை என்ற விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. எத்தனை தீயில், எத்தனை பேர் இடத்தை இழந்து, சேரிக்கு அந்த அறிவு வந்திருக்கும்? சட்டத்தின் கண்ணில் தீ என்பது விபத்து அல்ல, குடியிருப்பின் முடிவு. அன்று இரவே கூரை போட்டுவிட்டால் முடிவு தள்ளிப் போகிறது. அனுமதி இல்லாமல் அவசரமாகக் கட்டுகிறார்கள், ஒழுங்கில்லாமல் கட்டுகிறார்கள் என்று நம்மைப் பற்றி எழுதுகிற நகர்த் திட்டக்காரர்களுக்கு இந்த அவசரத்தின் காரணம் தெரியாது.

தீயைச் சாக்காக வைத்து வெளியே அனுப்பும் யோசனைக்கும் வயது அதிகம். 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆலைக்கு வேலைக்குப் போன ஆதிதிராவிடர்களுக்கும் வேலைநிறுத்தத்தில் இருந்த சாதி இந்துக்களுக்கும் நடந்த மோதல் அது. அதற்கு நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் கண்ட தீர்வு, ஆதிதிராவிடர்களைப் புளியந்தோப்பிலிருந்து நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் வைப்பது. எம்.சி. ராஜா இதை எதிர்த்து நின்றார், 1923இல் அந்தக் கட்சியை விட்டே வெளியேறினார். செட்டியாரின் பெயரைத் தாங்கிய தியாகராய நகர் அதே பத்தாண்டில்தான் உருவாயிற்று. மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து, 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தின் கீழ் மனை பிரித்து, தெரு போட்டு, பூங்கா வைத்து. ஏரியின் கிழக்குக் கரையில் இருந்த எங்கள் தேனாம்பேட்டையிலிருந்து அந்த வீடுகளுக்கு ஆள் போனது. வீடுகளுக்கு அனுமதி இருந்தது. கட்டியவர்களின் குடிசைக்கு இல்லை. ஏரியைத் தூர்ப்பது திட்டம், ஏரிக்கரையில் படுப்பது ஆக்கிரமிப்பு. இந்த அகராதி இன்னும் மாறவில்லை.

இந்த நகரத்தில் சேரிகளை எண்ணத் தொடங்கியது 1933இல். அப்போது 181. 1956இல் 306. 1961இல் 548. குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கி, அடுத்த வருஷம் கணக்கெடுத்தபோது 1,202. ஏழே வருஷத்தில் சென்னையில் குடிசையே இல்லாமல் செய்துவிடுவோம் என்றார்கள். அந்த வாரியத்தை முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எழுபதுகளில் கட்டிய நான்கு மாடிக் குடியிருப்புகள் பலவற்றையும் சனங்கள் இருந்த இடத்திலேயே கட்டினார்கள். நம்மில் எத்தனையோ பேர் அந்த மொட்டைமாடி விளக்கில் படித்து வந்தவர்கள். 1971ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிச் சட்டத்தில் ஒரு நல்ல சங்கதியும் இருந்தது. அறிவிக்கப்பட்ட குடிசைப் பகுதியில் குடியிருப்பவரை உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் வெளியேற்ற முடியாது. முதல் தடவையாக, அனுமதி வாங்க வேண்டிய வேலை எதிராளிக்கு வந்தது.

ஆனால் அதே சட்டம், அறிவிக்கப்பட்ட பகுதியில் எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் எதையும் கட்டக்கூடாது என்று தடுப்பதற்கும் இடம் வைத்திருந்தது. அறிவித்தால் பாதுகாப்பு, கூடவே கட்டுப்பாடு. அறிவிக்காவிட்டால் கட்டுப்பாடு மட்டும், பாதுகாப்பு இல்லை. 1971இல் அறிவித்த 1,202க்குப் பிறகு 1985இல் ஒரு 17. அதற்கப்புறம் நெடுங்காலம் ஒன்றைக்கூட அறிவிக்கவில்லை. சேரி பெருகவில்லை என்பதாலா? அறிவித்தால் பொறுப்பு வரும் என்பதால்தான்.

அந்த 1985ஆம் வருஷம்தான் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைக்கும் உரிமை உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. நம் ஊருக்காக அதே காலத்தில் உச்சநீதிமன்றம் போனவர் அப்போது வழக்கறிஞராக இருந்த சந்துரு. பிறகு உயர்நீதிமன்ற நீதிபதியானார். தமிழ்நாடு அரசு ஏற்கெனவே குடிசைவாசிகளுக்குச் செய்துவருவதைத் தொடரும் என்று நம்புவதாக நீதிமன்றம் சொல்லிற்று. நம்பிக்கை தீர்ப்பில் இருந்தது. லாரி 2000த்தில் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், அதன் பிறகு பெரும்பாக்கத்துக்கும் போனது. அங்கே எல்லார் தலைக்கு மேலும் கான்கிரீட். வேலைதான் இருபது கிலோமீட்டர் தள்ளி. மயிலாப்பூர் பக்கம் வீட்டு வேலை செய்த அக்கா ஒருத்தர் பெரும்பாக்கம் போன பிறகு ஒருமுறை சொன்னார்: "கூர ஒழுவல பாப்பா. வயிறுதான் ஒழுவுது."

2022 மே மாசம், எங்களுக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி, பக்கிங்காம் கால்வாய் ஓரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒரு பெரியவர் உடம்பில் நெருப்பு வைத்துக்கொண்டு செத்தார். அதைப் பற்றி எழுத எனக்கு வேறு வார்த்தை இல்லை.

தீப்பற்றும் கூரைச் சட்டம் யாரைக் காப்பாற்றியது என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். 1919 சட்டத்தில் இருந்த அந்தக் கீற்று விதி, மற்ற ஊர்களுக்கான 1920ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்திலும் இருந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக்கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்து போனார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடங்களில் கீற்றைப் பிரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எண்பது வருஷத்துக்கு மேல் அந்த விதி சேரியைக் காலி செய்ய மட்டும் ஞாபகத்தில் இருந்திருக்கிறது. வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் இருந்த குடிசைக்குத் தீ வைத்தவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

சரி, இப்போதைய கதை. 2024 ஜூலையில் சுயசான்று முறையில் உடனடி கட்டட அனுமதி என்று அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை வீடு, தரைத்தளமோ மேலே ஒரு தளமோ. கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பிக்கலாம், யார் காலிலும் விழ வேண்டாம். நல்ல திட்டம்தான். லஞ்சத்துக்கு ஒரு வாசலாவது அடைபடும். அம்மாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் வடாம் காய்ந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தேன். பெயர், முகவரி, ஆதார் எல்லாம் போட்டேன். அப்புறம் நிலத்தின் ஆவணம் கேட்டது. கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தவணை கட்டிய ரசீதை எடுத்துக்கொண்டு இன்னொரு ஆபீஸுக்குப் போனேன். எழுபதுகளின் கடைசியிலிருந்து உலக வங்கிப் பணத்தில் குடிசைப் பகுதி மேம்பாடு என்று நடந்தது. இருக்கிற இடத்திலேயே மனையை அளந்து கொடுத்து, மாசாமாசம் பணம் கட்டச் சொல்லி, கட்டி முடித்தால் கிரையப் பத்திரம் என்றார்கள். எங்களுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு என்று நம்பித்தான் ஆயா சித்தாள் கூலியில் கட்டியிருக்கிறார். அங்கிருந்தவர் நல்ல மனுஷர். ரசீதுகளைப் பிரித்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது கட்டினது உண்மைதாம்மா. ஆனா நிலம் எங்க பேருக்கு மாறி வந்தாதான் நாங்க உங்க பேருக்கு மாத்த முடியும்." அவர்களுக்கே பட்டா இல்லை. யாரிடம் கேட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். வேறொரு துறை. கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். ஆண்டையிடம் நேரில் போய்க் கேட்கவாவது முடிந்தது என்று அந்த நேரத்தில் ஒரு கெட்ட எண்ணம் வந்து போனது. ஆயா கேட்டிருந்தால் செருப்பால் அடித்திருப்பார்.

கடைசியில் தெரிந்த சர்வேயர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினேன். சுவரைத் தட்டிப் பார்த்தார். தளத்தைத் தாங்கும், ஆனால் போடாதீர்கள் என்றார். அனுமதி இல்லாமல் கம்பி கட்டி சென்ட்ரிங் அடித்தால் சந்து முழுக்கத் தெரியும், யாராவது ஒரு புகார் எழுதினால் வீட்டுக்கே நோட்டீஸ் வரும், இருப்பதும் போகும். ஷீட்டையே புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள். அதுவும் ஒரேயடியாக வேண்டாம். "பாதி பாதியா மாத்துங்கம்மா. முன்பக்கம் இப்போ. பின்பக்கம் ஆறு மாசம் கழிச்சி."

அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த ஆயா படத்தைப் பார்த்தேன்.

தை மாசம் முன்பக்க ஷீட் மாற்றினோம். சந்துக்காரர்கள் ஆறேழு பேர் கைகொடுக்க, ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து இரண்டு மணிக்கு முடிந்தது. பின்பக்கம் இன்னும் பழைய ஷீட்தான். உடைந்த இடத்தில் தேர்தல் சமயத்து பிளக்ஸ் பேனர் ஒன்றை மடித்துப் போட்டு, மேலே இரண்டு செங்கல் வைத்திருக்கிறோம். எந்தக் கட்சிப் பேனர் என்று கேட்காதீர்கள், முகம் உள்பக்கமாகத்தான் இருக்கிறது. படுத்தால் தலைக்கு மேலே கைகூப்பிக்கொண்டு இருக்கிறார்.